மேட்டில் பின்னால் உருளும் ஏஎம்டி: வாங்கலாமா?

நான்கு லட்சத்தில் ஒரு பழைய 2016 மாருதி செலேரியோ ஏஎம்டி (தானாகக் கியர் மாறும் கார்) பார்த்திருக்கிறீர்கள்; மேட்டில் பின்னால் உருளுகிறது, கிளம்பும்போது உதறுகிறது, அம்மாவின் வீட்டுக்கும் அதில் போய்வர வேண்டும், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மேட்டில் லேசாகப் பின்னால் உருளுகிறது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டாம். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அமுக்குவதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே. ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது தலை லேசாக ஆடுவதும் இயல்பு.

ஆனால் கிளம்பும்போது வண்டியே உதறுகிறது என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. கிளட்ச் தேய்ந்திருக்கலாம்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். (நீங்கள் வருமுன்பே விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.) ஒரு மேட்டில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை நன்றாக அமுக்கிக் கிளம்புங்கள். எஞ்சின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) எகிறி, வண்டியின் வேகம் ஏறாமல், கருகல் வாடையும் வந்தால் கிளட்ச் போய்விட்டது. அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: அம்மாவின் வீடு கொடைக்கானல் பக்கம் என்றால், அதே நான்கு லட்சத்தில் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் அமைப்பு) உள்ள பழைய கிராண்ட் ஐ10 ஆட்டோமேட்டிக் தேடலாம். மைலேஜ் குறையும், ஆனால் மேட்டில் கிளட்ச் கருகும் பயம் இல்லை.