காலை பறவைகளுக்கு, பிற்பகல் சிம்பன்சிக்கு

கேள்வி: ஜூலையில் நானும் கணவரும் உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கையில் இருப்பது இரண்டு பகல். அவருக்குச் சிம்பன்சி பார்க்க வேண்டும், எனக்குப் பறவைகள். அவருக்கு 64 வயது, முட்டி வலி வேறு. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிட முடியுமா?

ஒரே நடையில் வேண்டாம். இருவருக்குமே பாதிதான் கிடைக்கும். சிம்பன்சியின் கூச்சல் கேட்டதும் ரேஞ்சர் பாதையை விட்டு விலகி, செடிகொடிகளுக்குள் வேகமாகப் போவார். பறவைக்காக நின்றால் கூட்டத்தைத் தவறவிடுவீர்கள். பறவை பார்ப்பதோ நேர்மாறு. ஒரே மரத்தடியில் அரை மணி நேரம் அசையாமல் நிற்கிற வேலை.

அதனால் என் யோசனை இது: இரண்டு காலைகளும் பறவைகளுக்கு, முதல் நாள் பிற்பகல் சிம்பன்சிக்கு. பலரும் சிம்பன்சிக்குக் காலை பர்மிட்டைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் காலையில் அவை பெரும்பாலும் அத்தி மரத்தின் உச்சியில் தின்றுகொண்டிருக்கும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். வயிறு நிறைந்த பிறகு இறங்கி வந்து, ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு தரையில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கப் பிற்பகலில் வாய்ப்பு அதிகம். ஒரு குழுவுக்கு 6 பேர், கண்டபின் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அனுமதி. பர்மிட் தருவது உகாண்டா வனவிலங்கு ஆணையம். ஜூலை கூட்டம் மிகுந்த மாதம், மாதக்கணக்கில் முன்பே வாங்கிவிடுங்கள்.

முட்டியைப் பற்றி: கொரில்லா பார்க்கப் போகும் பிவிண்டியின் செங்குத்துச் சரிவுகள் இங்கே இல்லை. மேடுபள்ளம் உண்டு, வேர்கள் காலைத் தடுக்கும். கைத்தடி ஒன்று போதும். மெதுவாக நடப்பவர் என்று, நடை தொடங்கும் கன்யன்சு பார்வையாளர் மையத்தில், கிளம்புமுன்பே, ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள். கால்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். படையெடுக்கும் எறும்பு வரிசையை மிதித்துவிட்டால் அது துணிக்குள் ஏறிக் கடிக்கும்.

முகக்கவசத்தை மட்டும் மூக்குக்குக் கீழே இறக்கவே இறக்காதீர்கள். நமக்கு வெறும் சளி பிடிக்க வைக்கும் ரைனோவைரஸ் சி, 2013-இல் இதே கிபாலேயின் கன்யவாரா பகுதியில் 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் 5-ஐக் கொன்றது. இறந்த ஐந்தில் ஒன்று, இரண்டு வயதுக் குட்டி. அன்றைக்கு உங்களில் யாருக்காவது தும்மலோ காய்ச்சலோ இருந்தால், பணம் போனாலும் பரவாயில்லை, விடுதியிலேயே இருந்துவிடுங்கள். சில சிம்பன்சிகளுக்கு விரல்களோ கையோ இருக்காது. மான், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் சிக்கியவை. அந்த மொட்டைக் கையாலேயே கிளையை அணைத்துப் பிடித்து ஏறுவதைப் பார்த்தால் மனது கனத்துவிடும்.

இனி உங்கள் பங்கு. முதல் நாள் விடியுமுன் டார்ச்சுடன் காட்டுக்குள் போய்விடுங்கள். தேட வேண்டியது பச்சை மார்புப் பிட்டா. நம் ஊர் ஆறுமணிக்குருவியின் சொந்தக்காரன். இதுவும் வெளிச்சம் விரியும் நேரத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தாழ்வான கிளையில் உட்கார்ந்து, திடீரென மேலே ஒரு எம்பு எம்பி, இறக்கையடியோடு 'ப்ர்ர்ப்' என்று ஒலியெழுப்பி அதே இடத்தில் இறங்கும். ஏழரை மணிக்கு மேல் போனால் இலைச் சருகோடு சருகாகிவிடும். இதற்குப் பறவை தெரிந்த கைடு வேண்டுமென்று தனியாகக் கேளுங்கள். பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) நல்லது. காட்டுக்குள் இருட்டு அதிகம்.

இரண்டாம் நாள் காலை இருவருமாகப் பூங்காவை ஒட்டிய பிகோடி சதுப்புநிலத்துக்குப் போங்கள். ஊர் மக்களே 1992 முதல் காத்து நடத்தும் இடம். மூன்று மணி நேர நடை, ஈரமான இடங்களில் பலகைப் பாதை. உங்கள் கணவருக்கும் சிரமமிருக்காது. காடு பாதி, வயல் பாதி என்பதால் மரங்கள் தாழ்வு, பறவை கண்ணுக்கு நேரே கிடைக்கும். பெரிய நீல டுராகோவை இங்கேதான் ஆற அமரப் பார்க்கலாம். முக்கால் மீட்டர் நீளப் பறவை, பறப்பதைவிடக் கிளைமேல் அணில்போல ஓடுவதுதான் அழகு. கிபாலேயில் சிம்பன்சியோடு சேர்த்துக் குரங்கினங்கள் 13. அவற்றில் சிவப்புக் கோலபஸ், செவ்வால் குரங்கு போன்றவை இந்தச் சதுப்பின் ஓரத்திலேயே தென்படும்.

அப்புறம், இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவில் நுழையச் சான்றிதழ் கேட்பார்கள். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். ஆனால் இது உயிருள்ள கிருமியிலிருந்து செய்த ஊசி. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். முட்டி வலிக்கு அவர் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறார் என்றால் அதையும், முட்டை ஒவ்வாமை இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலேரியா மாத்திரையையும் அவரிடமே கேட்டு வாங்கலாம். பர்மிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த வாரமே கணவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்வாருங்கள்.