மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டத்துக்கு எப்படிப் போவது? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

கேள்வி கேட்ட தம்பி தன் அண்ணனுக்காகக் கேட்கிறார். அண்ணனுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. சாயங்காலம் ஆனால் குடி. நிறுத்த ஆசை இருக்கிறது, ஆனால் கூட்டத்துக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று தயங்குகிறாராம்.

நானும் குமரி மாவட்டம்தான். ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருப்பவன். பெயர் போடாததற்கு வெட்கம் காரணமில்லை. பொதுவில் பெயர் சொல்லிக்கொள்வதில்லை என்பது அங்கே மரபு. அமைப்பின் சார்பாகவும் பேசவில்லை.

முதலில் ஒன்று. அண்ணன் தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறது என்றால் சட்டென்று நிறுத்தச் சொல்லி வீட்டில் உட்கார வைக்காதீர்கள். நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், மாத்திரையின் அளவு அதைப் பொறுத்தது. உடம்பு நிதானத்துக்கு வந்தபின் திரும்பக் குடிக்காமல் இருக்கத்தான் கூட்டம்.

'மன உறுதி இருந்தால் போதாதா' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நம் மாவட்டத்தில் குடியை நிறுத்தத் தெரியாதவர்கள் யார்? மாலை போட்டால் 41 நாள் தொட மாட்டார்கள். தவக்காலம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஈஸ்டர் அன்று பாட்டிலோடு உட்காருபவர்களையும் பார்க்கிறோம். நிறுத்துவது எல்லோருக்கும் கைவந்த கலை. மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன செய்வது என்பதில்தான் ஆள் விழுகிறான். ஏ.ஏ.வில் 'இன்று ஒரு நாள் மட்டும்' என்பார்கள். கடைசி நாள் என்று ஒன்று இல்லாததால் அது முடிந்ததைக் கொண்டாடவும் வழியில்லை.

சரி, எங்கே தேடுவது? ஏ.ஏ. இந்தியா தளத்தில் கூட்டங்களின் விவரமும் தொடர்பு எண்களும் கிடைக்கும். ஆனால் இடமும் நேரமும் மாறக்கூடியவை, போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டே கிளம்புங்கள். மருத்துவமனையின் மனநலப் பிரிவு, போதை மறுவாழ்வு மையத்து ஆலோசகர், பங்குத்தந்தை, இவர்களில் யாருக்காவது பக்கத்துக் குழு தெரிந்திருக்கலாம். 14446 தேசிய போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. குழுவின் எண் கிடைத்ததும் நீங்களே பேசி முடித்துவிடாமல் போனை அண்ணனிடம் கொடுங்கள். எதிர்முனையில் பேசுபவரும் குடித்து நிறுத்தியவர்தான். ஒரு குடிகாரரிடம் இன்னொரு குடிகாரர் பேசுவதில்தான் 1935-இல் அமெரிக்காவில் இந்த இயக்கமே தொடங்கியது.

பெரும்பாலும் ஏதாவது பள்ளிக்கூட அறையோ ஆலயத்தை ஒட்டிய கட்டடமோதான் கூட்டத்துக்குக் கிடைக்கும். அதை வைத்து மதக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். ஏ.ஏ.வின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் 'அவரவர் புரிந்துகொண்டபடி' என்ற சொல்லோடு. பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருப்பவர்கள் போடுவார்கள். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். பேசப் பிடிக்காவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அங்கே மற்றவர்கள் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது, அதனால் என்னுடையதை மட்டும் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் எனக்கு டீ வந்தது, பாதி டம்ளர் மட்டும். மற்றவர்களுக்கெல்லாம் நிறைய. கை நடுங்குபவனுக்கு முழு டம்ளர் கொடுத்தால் சட்டையில் கொட்டிக்கொண்டு கூனிக் குறுகுவான் என்று ஊற்றியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை மனிதர். என் வீட்டில் எல்லோரும் என் மேல் உயிராக இருந்தார்கள், ஆனால் இது அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். அண்ணன் ஒயின்ஷாப் வாசலில் நிற்பதை ஊர் ஏற்கெனவே பார்த்தாயிற்று. உள்ளே தெரிந்த முகம் இருந்தால் அவரும் அதே காரணத்துக்காக வந்தவர். அப்படியும் மனசு ஒப்பவில்லையா, மார்த்தாண்டத்துக்காரர் நாகர்கோவில் பக்கம் போகலாம். மலையாளம் புரியும் என்றால் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பக்கமும் போகலாம். ஆனால் என் கருத்து, சாயங்காலம் குடிக்கத் தோன்றுகிற அதே நேரத்தில் எட்டக்கூடிய கூட்டமாகப் பாருங்கள். பால் வெட்டுக்கு விடியுமுன்னே எழுகிறவர் இரவு தூரத்திலிருந்து பஸ் பிடித்துத் திரும்புவது எத்தனை வாரம் நடக்கும்? போன் வழியாக நடக்கும் கூட்டங்களும் உண்டு. கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கும் நாட்களுக்கு அவை உதவும். ஆனால் முதல் கூட்டம் நேரில் இருப்பது நல்லது.

நீங்கள் கூடப் போகலாமா? 'திறந்த கூட்டம்' என்றால் போகலாம். 'மூடிய கூட்டம்' குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும். எது என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் வர மறுத்தாலும் அண்ணியும் நீங்களும் அல்-அனான் கூட்டத்துக்குப் போகலாம், அது குடும்பத்தாருக்கானது, தனி அமைப்பு. குடிப்பவர் திருந்திய பிறகுதான் வர வேண்டும் என்றெல்லாம் இல்லை.

மூடிய கூட்டம் என்றால் வண்டியில் கொண்டு விட்டுவிட்டுப் பக்கத்து டீக்கடையில் இருங்கள். வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசினார்கள் என்று துருவ வேண்டாம். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று மட்டும் கேட்டு வையுங்கள்.