பிறந்தப்ப ஹியரிங் டெஸ்ட் பாஸ், ஒன்றரை வயசுல பேச்சு வரல: திரும்ப டெஸ்ட் எடுக்கணுமா?

கண்டிப்பா எடுங்க சிஸ்டர், இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னு விட்டுடாதீங்க. பையனுக்கு ஒன்றரை வயசு, பேர் சொல்லிக் கூப்பிட்டா சில சமயம்தான் திரும்பறான், ஒரு வார்த்தையும் இன்னும் வரல, மாமியார் ஆம்பளப் புள்ள லேட்டாதான் பேசும்ங்கறாங்க, வீட்ல தமிழும் இங்கிலீஷும் பேசறதால குழம்பறானான்னு கேட்டிருக்கீங்க. என் மகளுக்கு ரெண்டு காதுலயும் கேக்கற குறைபாடு இருக்கு, ஹியரிங் எய்ட் போட்டிருக்கா. அவளும் பிறந்தப்ப பாஸ் ஆனவதான்.

பிறந்த ஒண்ணு ரெண்டு நாள்ல நம்ம சிங்கப்பூர் ஆஸ்பத்திரில பண்றது ஸ்க்ரீனிங் மட்டும்தான். ஒரு வகை ஓஏஈ, காதுக்குள்ள சின்ன ப்ளக் வச்சு சத்தம் அனுப்புவாங்க, உள்காது நல்லா இருந்தா அது ஒரு மெல்லிய எதிரொலி திருப்பி அனுப்பும், மெஷின் அதப் பிடிச்சுக்கும். இன்னொன்னு ஏஏபிஆர், நெத்தியிலயும் காதுக்குப் பின்னாலயும் ஸ்டிக்கர் ஒட்டி சுமார் 35 டெசிபெல் சத்தத்துக்கு நரம்பும் மூளையும் ரெஸ்பான்ஸ் தருதான்னு பாக்கறது. லேசான குறைபாடு இதுல தப்பிச்சுடலாம். ஓஏஈ மட்டும் எடுத்திருந்தா உள்காதத் தாண்டி நரம்புல உள்ள பிரச்சினை தெரியாது, அதனாலதான் என்ஐசியூல, அதாவது பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்த குழந்தைகளுக்கு ஏஏபிஆர் வேணும்ங்கறாங்க. அதோட, சில பரம்பரை காரணம், கர்ப்பத்துல வந்த சிஎம்வி வைரஸ், பிறகு வர மூளைக்காய்ச்சல், இதெல்லாம் பிறந்தப்ப நல்லா இருந்த காதையும் பிற்பாடு பாதிக்கும். பாஸ்னா அன்னைக்கு பாஸ், அவ்ளோதான்.

வீட்ல தட்டத் தட்டிப் பாக்கறது, பின்னாடி நின்னு கை தட்டறது, இத நம்பாதீங்க. குழந்தை அதிர்வ உணரும், நிழல் அசையறதப் பாக்கும், உங்க முகத்தப் பாத்தே திரும்பும். இன்னொரு விஷயமும் இருக்கு, என் மகள் விஷயத்துல எல்லாரையும் குழப்பினது இதுதான்: அவளுக்கு கனமான சத்தம் ஓரளவு நல்லாவே கேக்கும், கீச்சு சத்தம்தான் கேக்காது. ப்ளாக் கீழ லாரி போனா திரும்புவா, அம்மான்னா திரும்புவா, ஏன்னா அ, ஆ, ம மாதிரி சத்தமெல்லாம் பெரும்பாலும் தாழ்ந்த ஹெர்ட்ஸ்ல பலமா வரும். ஆனா ஸ, ஷ, ச, ஃப மாதிரி மெல்லிசா 2000 ஹெர்ட்ஸுக்கு மேல வர சத்தம் அவளுக்கு எட்டாது, அப்போ பேச்சு முழுக்க நடுவுல நடுவுல ஓட்டையாதான் போய்ச் சேரும். கேக்குது ஆனா புரியல, பாக்கறவங்களுக்கு அது பிடிவாதமாத் தெரியும். பாவம், அந்த வயசுல அதுங்க எப்படி சொல்லும்?

அரசாங்க போலிகிளினிக் போய் ரெஃபரல் வாங்குங்க, அரசாங்க ஆஸ்பத்திரில மானியக் கட்டணம் கிடைக்கும். கேகே, என்யுஎச் ரெண்டு ஆஸ்பத்திரிலயும் குழந்தைகளுக்கு ஆடியாலஜி, அதாவது காது கேக்குதான்னு டெஸ்ட் பண்ற பிரிவு இருக்கு. முதல்ல காதுக்குள்ள பாப்பாங்க, டிம்பனோமெட்ரின்னு செவிப்பறை எப்படி அசையுதுன்னு பாக்கற டெஸ்ட் எடுப்பாங்க, செவிப்பறைக்குப் பின்னால தண்ணி கட்டியிருக்கான்னு தெரியும். சைல்ட்கேர் போற பிள்ளைங்களுக்கு சளி பிடிச்சுப் பிடிச்சு இது ரொம்ப சாதாரணம், பெரும்பாலும் 3 மாசத்துல தானா வத்திடும், வத்தாம இருந்தாத்தான் செவிப்பறையில குட்டி ட்யூப் வைக்கறதப் பத்திப் பேசுவாங்க.

அப்புறம் உங்க பையன் வயசுக்கு முக்கியமானது விஆர்ஏங்கற டெஸ்ட். சவுண்ட் ரூம்ல உங்க மடியில உக்கார வச்சு ஒரு பக்கத்துலருந்து சத்தம் விடுவாங்க, திரும்பினா அங்க ஒரு பொம்மை லைட்டு போட்டு ஆடும், குழந்தை அதுக்காகவே சத்தத்தத் தேடித் திரும்பப் பழகும், பிறகு சத்தத்தக் குறைச்சுக்கிட்டே போய் எது வரைக்கும் கேக்குதுன்னு குறிப்பாங்க. நீங்க அசையக்கூடாது, மூச்சக்கூட சாதாரணமா விடுங்க, ஏன்னா உங்க உடம்பு இறுகினாலே பிள்ளைக்குத் தெரிஞ்சுடும். ஸ்பீக்கர்ல மட்டும் எடுத்தா நல்ல காது எதுவோ அதோட ரிசல்ட்தான் வரும், ஒரு காதுல மட்டும் குறை இருந்தா மறைஞ்சுடும், அதனால இயர்ஃபோன் போட்டு தனித்தனியா எடுக்க முடிஞ்சுதான்னு கேளுங்க, முடியலன்னா இன்னொரு நாள் வரேன்னு சொல்லுங்க. தூக்கம் வர நேரத்துல அப்பாய்ன்ட்மென்ட் வாங்காதீங்க.

ஏபிஆர், அதாவது ஏஏபிஆர் மாதிரியே ஸ்டிக்கர் ஒட்டி இன்னும் விரிவா எடுக்கற டெஸ்ட் சொன்னாங்கன்னா அது நேர் எதிர், பிள்ளை தூங்கணும், தூங்கலன்னா மருந்து குடுத்து தூங்க வைப்பாங்க. எம்ஆர்டி ரயில்ல வர வழியிலயே தூங்க விட்டுடாதீங்க. அன்னைக்கு தலைக்கு எண்ணெய் வேணாம், நெத்தியில பவுடர், மை எதுவும் வேணாம், ஸ்டிக்கர் ஒட்டாது. பாட்டிகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

ரெண்டு மொழி விஷயம். ரெண்டு மொழி கேட்டா குழந்தை பேருக்குத் திரும்பாமப் போகாது, அத காரணமா எடுத்துக்காதீங்க. காது குறை இருந்தாலும் தமிழ விடணும்னு அவசியம் இல்ல. பகல் முழுக்க பாட்டியோட இருக்கற பிள்ளைக்கு பாட்டி பேச்சத்தான் அதிகம் கேக்கக் கிடைக்குது, அத நிறுத்தி எல்லாரும் அரைகுறை இங்கிலீஷ்ல பேசினா நஷ்டம் யாருக்கு? மூக்கு எங்க, பந்து எங்கன்னா எத எதக் காட்டுவான்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, ஆடியாலஜிஸ்ட்டுக்குத் தமிழ் தெரியலன்னாலும் நீங்க சொல்லி அவங்க பாக்கலாம். நான் அப்படித்தான் பண்ணேன், அவங்க ரொம்ப சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க.

ஆட்டிசம் சந்தேகம்னு சிலர் சொல்லுவாங்க, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனா அந்தப் பரிசோதனைக்குப் போனாலும் முதல்ல காதத்தான் செக் பண்ணச் சொல்லுவாங்க. பிறந்தவுடனே பண்ற ஸ்க்ரீனிங்கோட கணக்கே 1 மாசத்துக்குள்ள ஸ்க்ரீனிங், 3 மாசத்துக்குள்ள குறைபாடு உறுதி, 6 மாசத்துக்குள்ள உதவின்னு வச்சிருக்காங்க, அவ்வளவு அவசரமா ஏன்னா பேச்சு பிடிக்கற வயசு அதுதான். நீங்க 18 மாசத்துல இருக்கீங்க. பிரைமரி ஒன்ல ஸ்கூல் ஹெல்த் காது டெஸ்ட் பண்ணுவாங்க, அது வரைக்கும் காத்திருந்தா ரொம்ப லேட்.

மாமியார்கிட்ட சண்டை வேணாம், நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு பேப்பர்ல வந்துடும்னு சொல்லுங்க. போறதுக்கு முன்னாடி அவன் திரும்பாத நேரம், திரும்பின நேரம் ரெண்டையும் ஃபோன்ல வீடியோ எடுத்து வைங்க, ஹெல்த் புக்லெட்ல ஓஏஈயா ஏஏபிஆரா என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஆடியோகிராம், அதாவது டெஸ்ட் ரிசல்ட் வரைபடம் கையில வந்து புரியலன்னா இங்க கீழ எழுதுங்க, சிவப்பு வட்டம் வலது காது, நீல எக்ஸ் இடது காது, மீதிய நான் சொல்றேன்.