ஏழு டன் தலை, நான்கு உருளைகள்

கேள்வி: கிரேன் இல்லாமலேயே பண்டை எகிப்திய மன்னர் ராமேசஸின் சிலைத் தலையை பெல்சோனி எப்படி நைல் கரைவரை கொண்டுவந்தார்?

பதில்: ஜோவான்னி பெல்சோனி இத்தாலியர், நீரிறைப்புப் பொறியியல் தெரிந்தவர். மாடு இழுக்கும் இறைப்பு எந்திரம் ஒன்றை எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவிடம் காட்டத்தான் 1815இல் எகிப்து போனார். அது எடுபடவில்லை. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஹென்றி சால்ட் இந்த வேலையைக் கொடுத்தார்.

தலை கிடந்தது லக்சருக்கு எதிர்க்கரையில், ரமேசியம் கோயிலில். எடை 7 டன்னுக்கு மேல். கையில் இருந்த சாமான்: 14 மரங்கள், பேரீச்ச ஓலையில் திரித்த 4 கயிறுகள், 4 உருளைகள். கப்பி ஒன்றுகூட இல்லை.

எட்டு மரங்களைப் பிணைத்து ஒரு சட்டம் செய்தார். நான்கு நெம்புகோல்களால் தலையைக் கிளப்பி, அடியில் சட்டத்தை நுழைத்தார்கள். பிறகு சட்டத்தின் முன்பக்கத்தைத் தூக்கி ஓர் உருளை, பின்பக்கத்தைத் தூக்கி இன்னொன்று. நாலு கயிற்றிலும் ஆட்களைச் சமமாகப் பிரித்து நிறுத்தினார். ஒரு பக்கம் இழுவை கூடினால் சட்டம் கோணிக்கொள்ளும். கோணினால் நிமிர்த்த இருபுறமும் நெம்புகோலுடன் ஆட்கள். பின்னால் விடுபடும் உருளையை எடுத்து முன்னால் போடத் தனி ஆட்கள்.

பெரிய எதிரி மணல். இளகிய மணலில் உருளை உருளாது, பாரத்தோடு புதையும். சுற்றுவழி போக வேண்டியதாயிற்று. நைலில் ஆண்டுதோறும் வரும் வெள்ளம் ஏறுவதற்குள் தாழ்நிலத்தைத் தாண்டாவிட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும். 1816 ஜூலை 27இல் நகரத் தொடங்கிய தலை, ஆகஸ்ட் 12இல் கரை சேர்ந்தது. வழி கிடைக்க இரண்டு தூண்களின் அடிப்பீடங்களை உடைத்தார். எவ்வளவு அவசரமென்றாலும் அது மன்னிக்க முடியாத காரியம்.

கேள்வி: கரையிலிருந்து தலையைப் படகில் ஏற்றினார்களே, அவ்வளவு பாரம் ஏறியும் படகு கவிழவில்லையா?

பதில்: அவருடைய திறமை முழுசாகத் தெரிவது இங்கேதான். நவம்பரில் வெள்ளம் வடிந்து, தண்ணீர் கரையைவிட்டு வெகுவாகக் கீழே போயிருந்தது. மண்ணால் சரிவுப்பாதை போட்டார். அதன் முடிவிலிருந்து படகுக்கு 4 மரங்களில் பாலம். பாலத்தின் மறுமுனை படகின் விளிம்பில் அல்ல, நட்டநடுவில் அமர்ந்தது. விளிம்பில் பாரம் இறங்கினால் படகு அந்தப் பக்கமே சாய்ந்து தண்ணீர் மொண்டுவிடும்.

சரிவில் தலை பிய்த்துக்கொண்டு ஓடக்கூடாது. பின்னால் ஒரு பேரீச்சத் தண்டை ஆழ ஊன்றி, சட்டத்தில் கட்டிய கயிற்றை அதில் சுற்றினார்கள். சுற்றின் உராய்வே பாரத்தைத் தாங்க, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் போதும். அதையும் மீறினால் தடுக்க, பாதி வழியில் ஒரு மணல் மூட்டை. நவம்பர் 17இல் தலை படகின் நடுவில் பத்திரமாக உட்கார்ந்தது.