கிணற்றுக்குள் வத்தகப்பழம்

கேள்வி: உங்கள் சித்திரை இதழில் ‘ஹவுஸ்’ என்ற பழைய ஜப்பானியப் படத்தைப் ‘பிள்ளைகளோடு இருந்து பார்க்கக்கூடிய மாயக்கதை’ என்று எழுதியிருந்தீர்கள். பூனைப் படத்தையும் பாட்டையும் வண்ணத்தையும் கண்டு, 11 வயது மகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வெட்டுண்ட தலை பறக்கிறது, பியானோ ஒரு பெண்ணைத் தின்கிறது. மூன்று கிழமையாகப் பிள்ளை இருட்டினால் கிணற்றடிப் பக்கம் போகிறாளில்லை. வத்தகப்பழத்தைக் கண்டால் எழும்பிப் போகிறாள். இப்படியான படங்களைத் தடை செய்யச் சொல்ல வேண்டிய நீங்களே சிபாரிசு செய்யலாமா?
- ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: பிழை எங்களுடையது. அந்தக் குறிப்பை எழுதியவர் படத்தைப் பார்த்துப் பல வருடமாகிறது. அச்சுக்கு அனுப்பிய நான் பார்த்திருக்கவே இல்லை. ‘பிள்ளைகளோடு’ என்ற சொல்லில் என் பேனை நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. உங்கள் கடிதம் கிடைத்த அன்றிரவே 88 நிமிடத்தையும் இருந்து பார்த்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மகளிடமும் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

ஆனால் தடை என்கிறீர்களே, அதற்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன். தணிக்கைச் சபையின் அதிகாரம் தியேட்டர் வாசலோடு முடிகிறது. கைத்தொலைபேசிக்குள் வரும் படத்துக்கு வாசலில் நிற்க வேண்டியவர்கள் நானும் நீங்களும்தான். நான் என் இடத்தில் நிற்கவில்லை. கோபிக்க வேண்டாம், நீங்களும் குசினிக்குப் போய்விட்டீர்கள். தெரியாத படத்தை முதல் பத்து நிமிடமாவது பக்கத்தில் இருந்து பார்ப்பது அடுப்பில் இருக்கும் கறியைவிட அவசரமான வேலை.

வயதெல்லை போட்டிருந்தால் போதுமே என்று நினைப்பீர்கள். இந்தியாவில் 2024இல், பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யுஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். என்றாலும் 13 என்ற எண்ணைப் பார்த்து உள்ளே இருப்பது இரத்தமா, உடம்பா, தாயை இழந்த பிள்ளையின் துயரமா என்று எப்படி அறிவது? ஒரு பிள்ளை இரத்தத்தைக் கண்டு சிரிக்கும். அதே பிள்ளை படத்தில் அம்மா செத்துப்போனால் ஒரு கிழமை சாப்பிடாது. உங்கள் பிள்ளை எந்த வகை என்று தணிக்கைச் சபைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

சரி, படத்துக்குள் என்ன இருக்கிறது? முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்கிறேன். தாயை இழந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி. அப்பா வேறொரு பெண்ணைக் கட்டப்போகிறார் என்று தெரிந்ததும், விடுமுறைக்குத் தோழிகள் ஆறு பேரோடு தாயின் சகோதரி வீட்டுக்குப் போகிறாள். நம் வழக்கில் பெரியம்மா வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடு ஒவ்வொருத்தியாக விழுங்குகிறது. குளிரட்டும் என்று கிணற்றுக்குள் இறக்கிய வத்தகப்பழத்தை எடுக்கப் போனால் தோழியின் தலை மேலே வருகிறது. மெத்தைகள் பாய்ந்து அமுக்குகின்றன. கடைசியில் வீடு முழுக்க இரத்த வெள்ளம். இடையில் பெண்களின் உடம்பைக் காட்டும் சில காட்சிகளும் உண்டு. கதைக்கு அவை தேவையே இல்லை, எனக்கு உறுத்தியது. அந்தக் காலப் படம் என்று அதை மூடிப் பேச நான் தயாரில்லை.

நீங்கள் தலையையும் பியானோவையும் எழுதியிருக்கிறீர்கள், பெரியம்மாவை எழுதவில்லை. கட்டி அணைக்க வேண்டிய ஆளே வாய் திறந்து விழுங்குவதுதான் இந்தப் படத்தில் பிள்ளையின் நெஞ்சுக்குள் போய் உட்காருவது என்பது என் எண்ணம். அந்தப் பெண் ஏன் பேயானாள்? கலியாணம் பேசிய மாப்பிள்ளை விமானியாகப் போருக்குப் போனான், திரும்பவில்லை. அவள் காத்திருந்தாள். செத்த பிறகும் காத்திருக்கிறாள். கன்னிப் பெண்களைத் தின்றால்தான் மணப்பெண் உடுப்பை ஒருமுறை போட முடியும்.

அந்தப் போர்க் கதையைப் பழைய ஊமைப்படம் போல ஓட்டிக் காட்டும்போது பெண்கள் பக்கத்தில் இருந்து கதைத்துச் சிரிக்கிறார்கள். அணுகுண்டின் புகை எழும்பும்போது ஒருத்தி அதைத் தும்பு முட்டாஸ் போல இருக்கிறது என்கிறாள். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நாங்கள் வாங்கித் தின்னும் அதே தும்பு முட்டாஸ். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழும்பித் தண்ணீர் குடித்தேன். இயக்குநர் நொபுஹிகோ ஓபயாஷி 1938இல் ஹிரோஷிமா மாவட்டத்து ஒனோமிச்சியில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது ஏழு வயது. அந்த வரியை அவர் தெரியாமல் வைக்கவில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் சும்மா பார்க்க முடியாது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மேலும் சீனக்குடாவின் மேலும் குண்டு போட்டன. வந்தவர்களில் எல்லாரும் திரும்பிப் போகவில்லை. அங்கே எவளோ ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அப்புறம் எங்கள் போர். காணாமல் ஆக்கப்பட்டோர் நாளான ஒவ்வொரு ஆகஸ்ட் 30உம் மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கும் அம்மாக்களை நாங்கள் காண்கிறோம். என் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். இராச்சாப்பாட்டில் ஒரு பங்கை மூடி வைத்துவிட்டுத்தான் படுப்பார், இன்றைக்கும். காத்திருப்பு ஒரு மனிசியை என்ன செய்யும் என்று கேட்கிற படத்தைத் தடை செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. பெரியவர்கள் பார்க்க வேண்டிய படம் அது. 11 வயதுக்கு அல்ல.

இனி மகளின் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியம் அதுதான்.

‘எல்லாம் பொய், பேசாமல் படு’ என்று சொல்லியிருப்பீர்களோ என்று பயப்படுகிறேன். பிள்ளைக்கு வந்த பயம் பொய் இல்லையே. அவளிடம் இதைச் சொல்லுங்கள்: இந்தப் பயங்களை யோசித்துக் கொடுத்ததே ஒரு சிறுமி. தோஹோ என்ற ஜப்பானியப் பட நிறுவனம், 1975இல் வந்த ‘ஜாஸ்’ என்ற சுறா மீன் படத்தைப் போல ஒன்று வேண்டும் என்று ஓபயாஷியிடம் கேட்டது. அவர் போய்த் தன் சின்ன மகளிடம் உனக்கு எதற்குப் பயம் என்று கேட்டார். கிணற்றில் இருந்து எடுத்த வத்தகப்பழம் மனிதத் தலை போல இருந்ததும், பழகும்போது பியானோ விரலைக் கடிக்கிற மாதிரி இருந்ததும், கண்ணாடிக்குள் நிற்கும் உருவம் வெளியே பாய்ந்துவிடுமோ என்ற எண்ணமும் அவள் சொன்னவை. அப்பா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, படமாக எடுத்தார். தந்திரக் காட்சிகள் நிசம் போலத் தெரியக்கூடாது, ஒரு பிள்ளை வெட்டி ஒட்டியது போல இருக்க வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். தலை பறக்கும் காட்சியை மகள் விரும்பினால் மட்டும், பகலில், சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை காட்டுங்கள். ஒட்டின விளிம்பு தெரியும். அவளே கண்டுபிடிப்பாள். வேண்டாம் என்றால் விடுங்கள்.

படத்தில் எது மிகவும் பயம் என்று அவளிடமே கேளுங்கள். தலை என்று சொன்னால் பெரிய கவலை இல்லை. பெரியம்மா என்றோ, செத்துப்போன அம்மா என்றோ சொன்னால் அன்றைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மூன்று கிழமையில் குறையாமல் நித்திரையும் கெட்டால், பள்ளிக்கூட ஆலோசனை ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கிணற்றடிக்கு இருட்டில் அனுப்ப வேண்டாம். காலை பத்து மணி வெயிலில் நீங்களும் கூடப் போங்கள். அவள் எட்டிப் பார்க்கட்டும், ஒரு சின்னக் கல்லைப் போட்டுச் சத்தத்தைக் கேட்கட்டும்.

அடுத்த இதழில் இருந்து எந்தப் படத்தைப் பற்றி எழுதினாலும் அதில் என்ன இருக்கிறது என்று கீழே இரண்டு வரி போடுவோம். படத்தை அந்த மாதமே பார்த்தவர் மட்டுமே எழுதுவார். மகள் தன் கையால் வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்த அன்று எனக்கு ஒரு தபாலட்டை போடுங்கள், அம்மா. காத்திருப்பேன்.