கோமாவின் மைதானத்துக் கூட்டம்

அன்புள்ள ஐயா,

காங்கோவின் கோமா நகரத்தை 2025 ஜனவரி இறுதியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை பிடித்தது. பிப்ரவரி 6 அன்று அவர்கள் கூட்டிய மைதானக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். எதிர்ப்பு எதையும் நான் பார்க்கவில்லை. மக்கள் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ரா.

அன்புள்ள ரா.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் கூட்டம் போட்டுக் கூப்பிட்டால், போகாமல் இருப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். சரி, அதை விடுங்கள், வரைபடத்தைப் பாருங்கள். தெற்கே கிவு ஏரி, கிழக்கே ருவாண்டா எல்லை, எல்லையைத் தாண்டினால் உடனே ருவாண்டாவின் கிசெனி நகரம். ஜனவரியில் பக்கத்து ஊர்களான மினோவாவும் அடுத்து சாக்கேயும் எம்23 கையில் விழுந்ததும் மேற்கே போகும் சாலையும் அடைபட்டது. சண்டைக்குப் பயந்து ஏற்கெனவே ஓடிவந்த பல லட்சம் பேர் ஊரைச் சுற்றி முகாம்களில் இருந்தார்கள், அவர்கள் இன்னும் எங்கே ஓடுவது?

அரசுப் படைக்காக கோமா மக்கள் எதிர்த்து எழுந்திருக்க வேண்டுமா? 2012 நவம்பர் 20 அன்று இதே எம்23 இதே ஊரைப் பிடித்தபோது, பின்வாங்கி ஓடிய அரசு வீரர்கள் மினோவாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். ஐ.நா. விசாரணையிலேயே பதிவான விஷயம் இது. ஐ.நா. அமைதிப்படையும் அன்று கோமாவில்தான் இருந்தது, கிளர்ச்சிக்காரர்கள் உள்ளே வந்தபோது தடுக்கவில்லை. எந்தப் பக்கத்தையும் நம்ப முடியாதவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான்.

அந்த முறை அண்டை நாடுகளின் நெருக்குதலில் எம்23 ஆட்கள் 11 நாளில் வெளியேறினார்கள். இந்த முறை தங்கள் ஆளையே ஆளுநராக்கினார்கள், அப்புறம் சனிக்கிழமைகளில் தெருவைச் சுத்தம் செய்ய மக்களை இறக்கினார்கள். மைதானத்தில் பேசிய கோர்னேய் நங்கா, எம்23 சேர்ந்திருக்கும் கூட்டணியின் தலைவர், 2018இல் நாட்டின் தேர்தலை நடத்திய ஆணையத்துக்கும் தலைவராக இருந்தவர். மக்கள் ஏற்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கும் வழி அவருக்குத் தெரியாததில்லை, கோமாவில் அவர் அதைக் கேட்கவில்லை.

ஊரில் வங்கிகள் மூடிக்கிடந்தன. தன் கணக்கில் இருக்கும் சொந்தப் பணத்தை எடுக்க ஆட்கள் எல்லை தாண்டி கிசெனிக்குப் போய்வந்தார்கள். நீங்கள் சொல்லும் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.