கதவை உடைப்பதால் யாருக்குப் பாதுகாப்பு?

கேள்வி: ஆயுதம் வைத்திருக்கும் குற்றவாளியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது தற்கொலைக்குச் சமம் அல்லவா? அமெரிக்கப் போலீஸார் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைவதில் என்ன தவறு?

பதில்: காவலர்களின் உயிர் மீது உங்களுக்கு உள்ள அக்கறை எனக்கும் உண்டு, இந்த முறையை நான் எதிர்ப்பதே அதனால்தான். மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகமாக உள்ள நாடு அமெரிக்கா. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அத்துமீறி நுழைபவரைச் சுடவும் பல மாநிலச் சட்டங்கள் இடம் தருகின்றன. அங்கே நள்ளிரவில் கதவு உடைபடும் சத்தம் கேட்டு எழுபவர், வந்திருப்பது கொள்ளையரா போலீஸாரா என்று எப்படி அறிவார்?

லூயிவில் நகரில் 2020 மார்ச் 13-ஆம் தேதி நடந்தது இதுதான். பிரியானா டெய்லர் என்ற பெண்ணின் வீட்டில் போதைப்பொருளைத் தேட, தட்டாமலே நுழைய நீதிபதி அனுமதி அளித்திருந்தார். தட்டி அறிவித்த பிறகே கதவை உடைத்ததாகக் காவலர்கள் கூறினர். போலீஸ் என்ற குரல் காதில் விழவே இல்லை என்றார் உள்ளே இருந்த அவருடைய நண்பர். அவர் சுட்ட ஒரு குண்டு காவலர் ஒருவரின் தொடையில் பாய்ந்தது; பதிலுக்குக் காவலர்கள் 32 முறை சுட்டதில் 26 வயது டெய்லர் இறந்தார். தேடிச் சென்ற போதைப்பொருள் அங்கே இல்லை.

டெக்சாஸில் நடந்த இரண்டு சம்பவங்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. 2013 டிசம்பரில் அதிகாலைச் சோதனையின்போது காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவர், கொள்ளையர் என்று எண்ணியே சுட்டதாகச் சொன்னார். அவர் மீது கொலைக் குற்றம் சாட்ட நடுவர் குழு மறுத்துவிட்டது. ஐந்தே மாதங்களில், அதே மாநிலத்தில், அதே போன்ற சோதனையில் இன்னொரு காவலர் இறந்தார். அதே விளக்கத்தைச் சொன்னவர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக்காகச் சிறையில் காத்திருந்து, 2023-இல் ஆயுள் தண்டனை பெற்றார். முன்னவர் வெள்ளையர், பின்னவர் கறுப்பர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேடப்படுபவர் வெளியே வரும்போது மடக்கலாம். இல்லையேல் வீட்டைச் சுற்றி வளைத்து ஒலிபெருக்கியில் அழைக்கலாம். அதற்குள் போதைப்பொருளைக் கழிப்பறையில் கொட்டிவிடுவார் என்பார்கள். கொட்டிவிட்டுப் போகட்டும், அந்தப் பொட்டலத்துக்காக ஒரு காவலரையோ, உறக்கத்திலிருந்து எழுந்த ஒரு பெண்ணையோ பலி கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.